பின்வாசல் வழியா வாங்க!

ஷட்டர் முக்கால்வாசி இறங்கியிருக்கிறது, குனிந்து வாங்க. தலை பத்திரம். அதைவிடக் காலடி பத்திரம்: ராத்திரி லாரியில் வந்திறங்கிய வாஷிங் மெஷின் பெட்டிகள் வழி நெடுக நிற்கின்றன. சாம்பிராணியும் புது அட்டைப்பெட்டி வாசனையும் கலந்து மூக்கில் ஏறுகிறது. ஆடித் தள்ளுபடி தொடங்கும் நாள், காலை எட்டரை மணி. தென்மாவட்டத்து ஊர் ஒன்றில், மிக்சியில் ஆரம்பித்து ஏ.சி. வரைக்கும் விற்கிற கடையின் பின்கட்டில் நிற்கிறோம்! பெயரை எழுத மாட்டேன் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் முதலாளி உள்ளே விட்டார்.

முன்பக்கம் உங்களுக்குத் தெரியும். கண்ணாடிக் கதவு, குளுகுளு காற்று, "வாங்க சார், என்ன பாக்குறீங்க?" இங்கேயோ எக்ஸ்சேஞ்சில் வந்த பழைய டி.வி.க்கள் கூரை தொடக் குவிந்து கிடக்கின்றன. அதில் பிக்சர் டியூப் காலத்து ஆசாமிகளும் உண்டு. ஆணியில் வரிசையாக டிபன் பைகள். சுவரில் போன வருஷத்துக் காலண்டர், தேதிக்காக இல்லை, லட்சுமி படத்துக்காக. டெலிவரிப் பையன் ஒருவன் ஃப்ரிட்ஜை ஒரு தோளில் சாய்த்துக்கொண்டு நைலான் கயிற்றின் முடிச்சைப் பல்லால் இறுக்குகிறான். நான் வழியில் நின்று வாய் பிளப்பதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, ஓரமா நில்லுங்க. இல்லேன்னா உங்களையும் சேத்து வண்டில ஏத்திருவேன்" என்கிறான். நகர்ந்துவிட்டேன். அவன் செய்யக்கூடியவன்தான்.

சொல்லப்போவது ஓர் எம்.எல்.ஏ. கதை; அதற்கு எதற்குக் கடைப் பின்கட்டு என்கிறீர்களா? கடைக்காரர் ஒருவர் சட்டமன்ற உறுப்பினர் ஆன கதைக்கு வேறு எந்த வாசல் வழியாகப் போவது? தமிழ்நாட்டில் அப்படி ஆனவர்களில் வீட்டுக்கு வீடு முகம் தெரிந்தவர் எச். வசந்தகுமார். பேப்பரைப் பிரித்தால் சிரித்துக்கொண்டிருப்பாரே, அவரேதான். வாக்குக் கேட்டு வீதிக்கு வருவதற்கு முன்பே அந்தச் சிரிப்பு ஏகப்பட்ட வீடுகளுக்குள் விளம்பரமாகப் போய் உட்கார்ந்துவிட்டது. அந்த விளம்பரத்துக்குப் பின்னால், மேடைக்குப் பின்னால், கோட்டைக்கு உள்ளே என்னவெல்லாம் நடக்கும் என்று எட்டிப் பார்க்க எனக்கு நெடுநாள் ஆசை. தனியாகப் பார்த்து என்ன சுகம்? அதனால்தான் உங்களையும் இழுத்து வந்தேன்.

ஆள் அகஸ்தீஸ்வரத்துக்காரர், குமரி முனைக்குப் பக்கத்து ஊர். 1950-ல் பிறந்தவர். அண்ணன் குமரி அனந்தன் மேடைத் தமிழுக்கும் பாதயாத்திரைக்கும் பெயர் வாங்கிய காங்கிரஸ்காரர். அண்ணன் மேடைக்குப் போக, தம்பி சென்னைக்கு வந்து, தவணையில் பொருள் விற்ற வி.ஜி.பி. நிறுவனத்தில் விற்பனையாளராக நின்றார். 1978-ல் தனிக்கடை: வசந்த் அண்ட் கோ. அதற்குப் பிறகு கிளை, கிளைக்கு மேல் கிளை. 2008-ல் வசந்த் டி.வி.யும் வந்தது. இதையெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். எனக்கு வேண்டியது வி.ஜி.பி. பிரபலமாக்கிய அந்தத் தவணை வியாபாரத்தின் உள்வேலை.

அதற்கு ஆள் இங்கேயே இருக்கிறார். மூலையில் வாரன்டி கார்டுகளுக்கு முத்திரை குத்திக்கொண்டிருக்கும் பெரியவர். எழுபதுகளில் வேறொரு கடையில் தவணைக்குப் பொருள் போட்டவராம். பேச்சு கொடுத்ததுமே முத்திரையைக் கீழே வைத்துவிட்டார். "பொருளை விக்கிறது என்ன பெரிய வேலை, தம்பி? அடுத்த மாசம் அந்த வீட்டு வாசல்ல போய் நிக்கணும். இன்னைக்கு இல்லைம்பாங்க. மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கக் கூடாது. புள்ளைக்குக் காய்ச்சல் விட்டுச்சான்னு கேட்டுட்டுத் திரும்பணும். ஏன்னா அடுத்த மாசமும் அதே வாசலுக்குத்தான போகணும்?"

கவனித்தீர்களா? வாசல், பெயர், காய்ச்சல், திரும்ப வருகிறேன் என்ற சொல். தேர்தல் பிரசாரத்துக்கு வேண்டிய சரக்கு முழுசும் இந்த ஒரு அட்டைப் பெட்டிக்குள் இருக்கிறது! கடைக்காரர் அரசியலுக்கு வந்தால் பணத்தைக் கொண்டு வருகிறார் என்றுதான் ஊர் பேசும். இருக்கட்டும். வாசலில் நிற்கிற பழக்கத்தையும் சேர்த்தே கொண்டு வருகிறார் என்பது பின்கட்டில் உட்கார்ந்தால்தான் தெரிகிறது.

மணி ஒன்பது ஆகப் போகிறது. விற்பனையாளர்கள் வட்டமாக நிற்க, மேனேஜர் இன்றைய இலக்கைச் சொல்கிறார். ஓர் அக்கா உதட்டுக்குள் மாடல் எண்களைச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறார். பரீட்சை ஹால் வாசலில் நிற்கிறோமோ என்று எனக்கே சந்தேகம். ஒரு பையனின் டையைப் பக்கத்துப் பையன் கட்டிவிடுகிறான். கற்பூரத்தட்டு சுற்றி வருகிறது. பில் மேசைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். அதில் ஒருவர் அவசரமாக உட்கார்ந்து கால் பெருவிரலை நீவிக்கொள்கிறார்.

அந்த ஸ்டூலைச் சும்மா தாண்டிப் போகாதீர்கள். அதற்குப் பின்னால் ஒரு சட்டமே இருக்கிறது. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் மசோதா வந்தது. 1947-ஆம் வருஷத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம். கேரளம் 2018-லேயே செய்துவிட்டது. வசந்தகுமார் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. ஆனால் கடைத்தளத்தில் நின்ற கால்கள் சட்டமன்றத்துக்குள் இருந்தால் எதைப் பற்றிப் பேசலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. அக்காவிடம் அந்தச் சட்டம் பற்றிக் கேட்டேன். "சட்டம் வந்துச்சு சார், கஸ்டமரும் வந்துட்டாங்களே!" என்று எழுந்து ஓடினார். ஷட்டர் முழுசாக மேலே போய்விட்டது. போணி ஒரு ஸ்டீம் அயர்ன். நாம் கிளம்பலாம்.

அடுத்த பின்கட்டு, தேர்தல் காரியாலயம். எந்தக் கட்சி, எந்தத் தொகுதி என்று கேட்காதீர்கள். வாடகைக்கு எடுத்த கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டு ஹால் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மணமக்கள் பெயர் ஒட்டிய தெர்மாகோல் எழுத்தைக்கூட யாரும் இன்னும் பிய்க்கவில்லை. அதற்குக் கீழே கொடிக் கட்டுகள், சால்வை மலை, உதிர்த்த பூ நிரப்பிய சாக்குகள், வாக்காளர் பட்டியலைப் பூத் வாரியாகப் பிரித்துக்கொண்டிருக்கும் இளைஞர்கள். ஒரு வாளியில் எலுமிச்சைச் சாறு. பிரசாரத்தில் தொண்டை போன பேச்சாளர் ஒருவர் மூலையில் பனங்கற்கண்டை வாயில் அடக்கிக்கொண்டு சைகையிலேயே சண்டை போடுகிறார்!

எனக்கு ரொம்பப் பிடித்த மேசை கணக்குப் பிள்ளையின் மேசைதான். வேட்பாளர் குடிக்கக் கொடுக்கும் டீக்கும் கணக்கு உண்டு தெரியுமா? டீ எவ்வளவு, பிரியாணிப் பொட்டலம் எவ்வளவு, நாற்காலி வாடகை எவ்வளவு என்று மாவட்டத் தேர்தல் நிர்வாகம் விலைப்பட்டியல் போட்டுக் கொடுக்கும். கடையில் என்ன விலைக்கு வாங்கினாலும் அந்தப் பட்டியலை வைத்துத்தான் சரிபார்ப்பார்கள். "பட்டியல் விலைக்கு இந்த ஊர்ல எவன் பிரியாணி தர்றான், முதல்ல அவனக் காட்டுங்க" என்று கணக்குப் பிள்ளை பொருமுகிறார்.

வசந்தகுமார் 2019 மக்களவைத் தேர்தலில் காட்டிய குடும்பச் சொத்து 400 கோடி ரூபாய்க்கு மேல். நாட்டின் பணக்கார வேட்பாளர்கள் பட்டியலில் முன்வரிசை. சட்டப்படி அவர் செலவு செய்யலாம் என்றிருந்த உச்சவரம்பு 70 லட்சம்! அத்தனை கிளைகளின் கல்லாவைப் பார்த்தவருக்கும், கடன் வாங்கிப் போட்டியிடும் சுயேச்சைக்கும் ஒரே கோடு. அந்தக் கோட்டுக்குள் தேர்தல்கள் உண்மையிலேயே அடங்குகின்றனவா என்பதை அந்தக் கணக்குப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து நான் கேட்கவில்லை. அவர் ஏற்கெனவே பிரியாணியில் நொந்திருந்தார்.

ஜெயித்த பிறகு? தொகுதி அலுவலகத்துக்கு வாங்க. வேறோர் ஊர், வேறோர் உறுப்பினர். இங்கே நிஜமான முதலாளி எம்.எல்.ஏ. இல்லை, உதவியாளரின் டைரி. ஒரே முகூர்த்தத்தில் மூன்று கல்யாணம், ஒரு காதுகுத்து, நடுவே ஒரு துஷ்டி வீடு. கல்யாணத்துக்குப் போகாவிட்டால் கோபித்துக்கொள்வார்கள். துஷ்டிக்குப் போகாவிட்டால் மறக்கவே மாட்டார்கள். அதனால் துஷ்டி முதலில், மாலையோடு கல்யாணம் பிறகு, நடுவில் சட்டை மாற்றிக்கொள்ள வண்டியில் ஒரு செட் வெள்ளை. பின்சீட்டில் ஹேங்கரில் அது தொங்குவதைப் பார்த்து எனக்கு ஒரே குஷி!

பெஞ்சில் மனுக்காரர்கள். முதியோர் ஓய்வூதியம் நின்றுபோன பாட்டி, பட்டா மாறாத அண்ணாச்சி, பஸ் நிற்காத ஊரிலிருந்து மாணவிகள். உதவியாளர் ஒவ்வொருவரையும் உறுப்பினரிடம் கூட்டிப் போகும்போது காதோடு ஏதோ சொல்கிறார். என்ன சொல்கிறார் என்று ஒட்டுக்கேட்டேன். ஊர்ப் பெயர், அப்பா பெயர், போன தடவை என்ன விஷயமாக வந்தார். அவ்வளவுதான்! உள்ளே போன பாட்டி வெளியே வந்ததும், "என் பேர ஞாபகம் வெச்சிருக்காரு" என்று பெஞ்சுக்கே அறிவித்தார். ஓய்வூதியம் வருமா வராதா என்பது பிறகு. தொகுதி மேம்பாட்டு நிதி என்று உறுப்பினருக்கு ஆண்டுக்கு 3 கோடி உண்டு. வகுப்பறை, தெருவிளக்கு, நிழற்குடை என்று பிரித்தால் அது எங்கே காணும்? மீதிக்கெல்லாம் லெட்டர் பேடுதான். அன்று மதியத்துக்குள் ஒரு பேடு தீர்ந்து, பையன் அச்சகத்துக்கு ஓடினான்.

இப்போது பெரிய வீடு. சட்டமன்றம் கூடும் புனித ஜார்ஜ் கோட்டை! பார்வையாளர் மாடத்துக்கு அனுமதிச் சீட்டு கிடைத்துவிட்டது. உறுப்பினர் ஒருவர் பரிந்துரைத்தார். செல்போன் வெளியே. சோதனை, மறுபடி சோதனை. படியேறும்போது என் செருப்புச் சத்தமே எனக்குப் பயமாக இருக்கிறது. மாடத்தில் உட்கார்ந்து கீழே பார்த்தால், அட, டி.வி.யில் பார்த்ததைவிட எவ்வளவு சின்ன அவை! 234 பேரை எப்படித்தான் அடக்குகிறார்களோ. பேரவைத் தலைவரின் நாற்காலி மட்டும் ஜம்மென்று இருக்கிறது; சென்னை மாகாண ஆளுநர் வில்லிங்டன் பிரபுவும் அவர் மனைவியும் 1922-ல் பரிசாகக் கொடுத்தது. திருக்குறள் ஒன்றும் அதன் பொருளும் வாசிக்கப்பட்டு அவை தொடங்குகிறது.

கேள்வி நேரம். எல்லோரும் அமைச்சரைப் பார்க்கிறார்கள். நீங்கள் பக்கவாட்டில் பாருங்கள், அதிகாரிகள் மாடம். உறுப்பினர் துணைக்கேள்வி எழுப்பியதும் அங்கே ஒரு கோப்பு படபடவென்று புரள்கிறது, ஒரு துண்டுச்சீட்டு எழுதப்படுகிறது, பந்தியில் சாம்பார் வாளி கைமாறுகிற வேகத்தில் அது கைமாறி அமைச்சரின் மேசைக்கு வந்துவிடுகிறது. அமைச்சர் அதை ஒரு கண்ணால் படித்துக்கொண்டே "மாண்புமிகு உறுப்பினர் அவர்களுக்கு…" என்று இழுப்பார் பாருங்கள், அந்த இழுவைக்குள் இவ்வளவு ஓட்டம்! நடுவே சுருக்கெழுத்தர்கள் சில நிமிஷங்களுக்கு ஒருமுறை ஆள் மாறுகிறார்கள். எழுந்தவர் விரல்களைச் சொடுக்கிக்கொண்டே வெளியேறுகிறார், எழுதியதை அச்சுக்குத் தயார் செய்ய வேண்டும். பாலம் கேட்ட உறுப்பினருக்குப் பதில் வருகிறது: நிதிநிலைமைக்கு ஏற்பப் பரிசீலிக்கப்படும். மேசை தட்டல். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என் காதில், "இதே பாலம், எங்க தாத்தா காலத்துலேர்ந்து பரிசீலனைல இருக்கு" என்றார். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு காவலருக்குத் தெரிந்துவிட்டது, முறைத்தார்.

இந்த இடத்தில்தான் கடைக்காரருக்குக் கை நமநமத்திருக்கும் என்று நினைக்கிறேன். கடையில் முதலாளி சரி என்றால் கோடவுனிலிருந்து பெட்டி கிளம்பிவிடும். இங்கே சரி என்பது கோப்பின் முதல் தாள்தான். அதுவும் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. வசந்தகுமார் இரண்டு பக்கச் சுவையும் பார்த்தவர். 2006-ல் காங்கிரஸ் சார்பில் நாங்குநேரித் தொகுதியில் ஜெயித்து வந்தபோது கட்சிக்கு 34 பேர். தி.மு.க.விடம் இருந்தது 96 இடம், பெரும்பான்மைக்கு வேண்டியது 118. அந்த 34 பேர் வெளியிலிருந்து முட்டுக்கொடுத்துத்தான் ஆட்சி நின்றது. லாபியில் அவர்களுக்கு எப்படி வணக்கம் விழுந்திருக்கும்! 2016-ல் மறுபடி அதே தொகுதியிலிருந்து வந்தபோது எதிர்க்கட்சி வரிசை, காங்கிரசுக்கு 8 பேர். கட்சிப் பலத்தை வைத்துத்தான் பேச நேரம் பிரிப்பார்கள். எட்டுப் பேர் கட்சிக்கு மணி சீக்கிரம் அடிக்கும்.

முதல் தவணையில் அவர் இரண்டு அவைகளில் உட்கார்ந்த தலைமுறை. 2010 மார்ச்சில் ஓமந்தூரார் தோட்டத்தில் புதுச் சட்டமன்றம் திறந்தார்கள். 2011-ல் ஆட்சி மாறியதும் அவை கோட்டைக்கே திரும்பியது. அந்தப் புதுக் கட்டடம் 2014-ல் ஆஸ்பத்திரி ஆனது. பக்கத்திலேயே எம்.எல்.ஏ. விடுதி. ஒரு காலத்தில் கொறடா உத்தரவு பறந்த இடத்தில் இன்று ஓ.பி. சீட்டுக்கு வரிசை.

நடுவில் அவர் தோற்றதையும் சொல்ல வேண்டும், பின்கட்டில் அதுவும் கிடக்கிறது. 2011-ல் நாங்குநேரியிலேயே எர்ணாவூர் நாராயணனிடம் தோல்வி. 2014-ல் கன்னியாகுமரி மக்களவைத் தொகுதியில் பொன். ராதாகிருஷ்ணனிடம் தோல்வி. ஆனால் அந்தத் தோல்வியைப் பாருங்கள்: காங்கிரஸ் தமிழ்நாட்டில் தனியாக நின்று டெபாசிட்டை வரிசையாகப் பறிகொடுத்த வருஷம் அது, டெபாசிட்டைக் காப்பாற்றிக்கொண்டு இரண்டாவதாக வந்தவர் இவர். 2019-ல் அதே ராதாகிருஷ்ணனை இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் தோற்கடித்தார். அந்த அகஸ்தீஸ்வரம் வாசலுக்குத் திரும்பத் திரும்பப் போன தவணைக்காரர் தவணையை வசூலித்துவிட்டார்.

எம்.பி. ஆனால் எம்.எல்.ஏ. பதவியை 14 நாளுக்குள் விட வேண்டும் என்பது விதி. விட்டார். நாங்குநேரிக்கு அக்டோபரில் இடைத்தேர்தல் வந்தது. வாக்குப்பதிவு நாளில் தொகுதிக்குள் வெளியாட்கள் இருக்கக் கூடாதே! முன்னாள் உறுப்பினரான இவரே நாங்குநேரி வழியாக காரில் வந்தபோது போலீஸ் மறித்து விசாரணைக்கு அழைத்துப் போனது. இரண்டு முறை வீட்டுக்காரர், இப்போது வெளியாள். அந்த இடைத்தேர்தலில் காங்கிரஸ் நிறுத்தியது ரூபி மனோகரனை. அவரும் தொழிலதிபர், கட்டுமானத் தொழில்! அன்று தோற்றார், 2021-ல் அதே தொகுதியில் ஜெயித்து சட்டமன்றத்துக்கு வந்தார். நாங்குநேரிக்கு முதலாளிகள் மேல் அப்படி என்ன பிரியமோ.

வசந்தகுமார் 2020 ஆகஸ்ட் 28 அன்று கொரோனாவில் காலமானார், எழுபது வயது. மறு வருஷ இடைத்தேர்தலில் மகன் விஜய் வசந்த் கன்னியாகுமரியில் ஜெயித்தார். அவரை நீங்கள் வேறு இடத்தில் பார்த்திருப்பீர்கள்: 'சென்னை 600028', 'நாடோடிகள்' படங்களில். கடை, கோட்டை எல்லாம் சுற்றியாகிவிட்டது. ஷூட்டிங் ஸ்பாட்டின் பின்கட்டு மட்டும்தான் பாக்கி. அங்கே யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள், ஷட்டர் எவ்வளவு இறங்கியிருந்தாலும் குனிந்து வந்துவிடுகிறேன்!